ஏறாத முள்

எங்கள் காரின் வெப்ப முள் மேலே ஏறுவதே இல்லை. ஒரு வருடமாக இதை ஒரு நல்ல குணம் போல வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். "பாத்தியா, நஞ்சன்கூடு போயிட்டு வந்தாலும் முள்ளு கீழயே கெடக்குது" என்பார் என் கணவர் கணேசன். அந்த முள் ஒருமுறை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் அது படுத்துக் கிடப்பதே போதும் என்று இருந்தது.

அது நடந்தது போன வருடம், மாதேஸ்வரன் மலைக்குப் போகும்போது. நான்தான் ஓட்டினேன். கௌதள்ளி தாண்டி, மலைப்பாதை தொடங்கி, நாலாவது கொண்டை ஊசி வளைவில் பானெட்டிலிருந்து புகை போல ஆவி கிளம்பியது. அமாவாசை என்பதால் பாதையெல்லாம் நடந்து போகும் ஜனம். கணேசன் இறங்கி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அரை கிளட்சுல காலை வெச்சுக்கிட்டே ஏத்துனா வண்டி கொதிக்காம என்ன பண்ணும்? ஓட்டத் தெரிஞ்சாத்தானே!" என்று கத்தினார். தலையில் மூட்டையோடு போன ஒரு பெண் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். என் மகள் தமிழ்ப்ரியா பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டிலிருந்து இறங்கிய மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆவியையே பார்த்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு நான் எந்த ஏற்றத்திலும் வண்டி ஓட்டியதில்லை. வீட்டுக்கு எதிரே தெரிகிற சாமுண்டி மலைக்குக்கூட.

சமதளத்தில் மட்டும் ஓட்டினேன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு மருந்து ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. ஜெ.பி. நகர் வீட்டிலிருந்து போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அந்த எண்பது நிமிடத்தில் ரேடியோ போடமாட்டேன், போன் எடுக்கமாட்டேன். முந்தின நாள் படித்த புத்தகத்தின் ஏதாவது ஒரு பக்கம் மனதில் ஓடும். சில நாள் அதுவும் ஓடாது. எனக்கென்று கதவுள்ள ஓர் அறை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அந்தக் கார்தான் அது.

அதைத்தான் விற்கப் போவதாகச் சொன்னார் கணேசன். அவருக்குச் சித்ரதுர்கா பக்கம் காற்றாலையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. எஞ்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை. மார்கழிப் பனியில் முன்கண்ணாடி மூடிக்கொள்ளும். ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வரும். நான் பழைய துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

"ஞாயித்துக்கெழம நான் வர்றப்ப ஒரு ஆளு பாக்க வர்றாரு. குடுத்துரலாம்" என்றார் போனில். "உனக்குத்தான் கம்பெனி பஸ் இருக்குதல்ல?"

"வண்டில என்ன கோளாறுன்னு பாத்துட்டு..."

"கோளாறு வண்டில இல்ல கனகா. உன்ற ஓட்டுக்கு எந்த வண்டி வாங்கினாலும் பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அதை நம்பினேன் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் சோதனைப் பிரிவில் மஞ்சுநாத் என்று ஒருவர். வண்டிப் பைத்தியம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சின்னக் கருவியைக் காரில் செருகிப் பார்த்தார். "மேடம், உங்க எஞ்ஜின் சூடே ஆகறதில்ல" என்றார் கன்னடத்தில். எஞ்ஜினுக்கு ஓர் அளவு சூடு வேண்டுமாம். அது வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருந்து, சூடு வந்ததும் திறந்துவிட ஒரு வால்வு உண்டு. அதன் பெயர் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்ஜின் எப்போதும் குளிரிலேயே கிடக்கும். குளிரில் கிடக்கிற எஞ்ஜினுக்கு வண்டி பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

"அப்ப என் ஓட்டு?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "ரெண்டு போல்ட்தான் மேடம். நீங்களே மாத்திடலாம்" என்றார்.

சாயங்காலமே கடையில் தெர்மோஸ்டாட்டும் ரப்பர் வளையமும் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்ட்டும் வாங்கினேன். பட்டறைக்குப் போகவில்லை. பட்டறைக்காரர் முதலில் கணேசனுக்குத்தான் போன் போடுவார்.

சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்தபோது மாமனார் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் மாதப்பன். முப்பது வருடம் கொள்ளேகாலிலிருந்து மேட்டூருக்கு லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் மருமகள் மாமனாருக்கு எதிரே உட்காருவதில்லை. நேராக முகம் பார்த்துப் பேசுவதும் இல்லை. அத்தை இருந்தவரை அத்தை வழியாகப் பேச்சு நடந்தது. அவர் போன பிறகு தமிழ்ப்ரியா வழியாக. மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "தமிழு, தாத்தாகிட்ட சோறு ஆச்சுன்னு சொல்லு" என்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தாத்தா, உனக்குக் காது கேட்டுச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லு" என்பாள்.

ஆகஸ்டில் அவள் பெங்களூருக்குப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் நானும் அவரும் மட்டும். அதன் பிறகு நாங்கள் பொருள்களிடம் பேசினோம். அவர் காலண்டரிடம், "இன்னிக்கு மாத்திர தீந்துருச்சு" என்பார். நான் குக்கரிடம், "சாயங்காலம் வாங்கிட்டு வந்தர்லாம்" என்பேன். பக்கத்து வீட்டு மல்லம்மா ஒரு நாள் கேட்டார்: "உங்க மாமா ஜன்னல்கிட்ட மாத்தாடறாரே, ஜன்னல் பதில் சொல்லுதா?"

சொல்லத்தான் செய்தது. இருபது வருடத்தில் அவர் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒரு நல்ல சொல்லும் சொன்னதில்லை.

நான் ஸ்பானரை எடுத்ததும் அவர் பேப்பரை மடித்தார். எழுந்து வந்து கேட்டிடம் சொன்னார்: "சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியத் தெறக்கக் கூடாது."

நான் பேட்டரியைப் பார்த்துச் சொன்னேன்: "நேத்திலிருந்து நிக்குதுங்க. ஆறிப் போச்சு."

உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். நான் வண்டிக்கடியில் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து ரேடியேட்டர் தண்ணீரை வடித்தேன். பச்சையாக வந்தது, மெதுவாக. அவர் காம்பவுண்டுச் சுவரிடம், "ஓடற வண்டிய எதுக்கு நோண்டோணும்?" என்றார். நான் கட்டிங் பிளேயரால் கிளாம்ப்பைத் தளர்த்தி ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸைப் பிடுங்கினேன். அது போய்ச் சேருகிற இடத்தில் அலுமினிய மூடி ஒன்று. அதில் மஞ்சுநாத் சொன்ன இரண்டு போல்ட். மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று கையில் துணி சுற்றியிருந்தேன். ஆனால் இரண்டும் அரைச் சுற்றிலேயே சுலபமாகத் திரும்பின. அவற்றின் தலையில் பழைய ஸ்பானர் தடம் இருந்தது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

கையிலிருந்த புது வால்வையும் அந்தக் குழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வால்வு உட்காருகிற பள்ளம் இருந்தது. அதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் நின்றிருந்தது. தப்பான இடத்தைத் திறந்துவிட்டேனோ என்று போனை எடுத்து, முந்தின இரவு பார்த்த செய்முறை வீடியோவை மறுபடி பார்த்தேன். இடம் சரிதான். கெட்டுப்போன ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஒன்றுமே இருக்காது என்று நினைக்கவில்லை.

மல்லம்மா வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. எனக்குப் பின்னால் மாமனார் நின்றிருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நாந்தான் எடுத்தேன்" என்றார்.

சுவரிடமோ கேட்டிடமோ சொல்லவில்லை. நான் திரும்பினேன். உடனே பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதற்குள் கன்னடப் பேப்பரில் சுற்றி, ஒரு பழைய வால்வு. துரு ஏறி, விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"லாரிக்காரங்க நாங்கெல்லாம் வண்டி கைக்கு வந்த மொத வாரமே இதக் கழட்டிப்புடுவோம். தண்ணி நிக்காம ஓடும். மலையில கொதிக்காது." வால்வைத் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்குத் திரும்பி வர்றப்ப நீ ஜன்னல் பக்கமாத் திரும்பி அழுதுக்கிட்டே வந்தே. பின்னாடி ஒக்காந்திருந்தவனுக்குத் தெரியாதா? அடுத்த வாரம் நீ வண்டிய உட்டுட்டுக் கம்பெனி பஸ்ஸுல போன அன்னிக்கு எடுத்துப்புட்டேன். இனி உன்ற கையில வண்டி கொதிக்கக் கூடாதுன்னு."

"சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன், தரையைப் பார்த்து.

"யாருகிட்ட? அவன்கிட்டச் சொன்னா அன்னிக்கு நடந்தத மறுபடி கிளறுவான். உன்கிட்ட..." அவர் முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்க எங்கள் இருவருக்கும் பழக்கமில்லை.

வேலையில் எனக்கு ஒரு வழக்கம். எந்தப் பொருளையும் சோதிக்காமல் உள்ளே விடமாட்டேன். புது வால்வையும் சோதித்துவிட்டுத்தான் பூட்டுவது என்று நினைத்திருந்தேன். சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன்.

"அது பால் ஏனம்" என்றது வாசலில் ஒரு குரல்.

நான் சமையலறையில் இருக்கும்போது அவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை. பாத்திரத்தை மாற்றினேன். அவர் டப்பாவை நீட்டினார். "இதையுந்தான் போட்டுப் பாரேன்."

இரண்டு வால்வுகளையும் நூலில் கட்டி, ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்து, அடியில் படாதபடி தொங்கவிட்டேன். வேலையிடத்தில் கழித்துக் கட்டிய தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதையும் இறக்கினேன். அவர் உள்ளே வந்து அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் நான்.

அறுபது. எழுபது. தண்ணீரின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. நாங்கள் பேசவில்லை. இத்தனை வருடமாகப் பேசாமல் இருந்ததற்கும் இதற்கும் ஏதோ வித்தியாசம் இருந்தது. எழுபத்தெட்டு. எண்பது. எண்பத்திரண்டில் புது வால்வின் தட்டு நூலிழை அளவுக்கு விலகியது. அப்புறம் மெதுவாக, தூங்கி எழுந்தவர் கண் திறப்பதுபோல, முழுக்கத் திறந்துகொண்டது.

"அட!" என்றார் மாமனார். முப்பது வருடம் கழற்றி வீசிய ஒன்று திறப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

பழையது அசையவில்லை. தொண்ணூறு ஆயிற்று. தண்ணீர் கொதித்துத் தளதளவென்று துள்ளியது. பழைய வால்வு அந்தக் கொதிப்பில் இங்குமங்கும் ஆடியதே தவிர, இறுக மூடியபடியே கிடந்தது.

"இது தெறக்கவே இல்லீங்களே" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. "அப்ப அன்னிக்கு மலையில வண்டி கொதிச்சது..."

"உன்னால இல்ல."

"உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

"கழட்டறப்பவே தெரியும். ஒட்டிக் கெடந்துச்சு. தண்ணிய விடவே இல்ல. யாரு ஓட்டியிருந்தாலும் கொதிச்சிருக்கும்."

அடுப்பை அணைத்தேன். கொதிப்பு அடங்க நேரமாயிற்று. நாலாவது வளைவும், மூட்டை சுமந்த அந்தப் பெண்ணின் பார்வையும், மகள் திரும்பிக்கொண்ட விதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. ஏற்றம் வந்தால் கணேசனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிய தடவைகள். கிளட்சின் மேல் கால் வைக்கும்போதெல்லாம் காதில் விழுந்த அந்த "ஓட்டத் தெரிஞ்சாத்தானே!" அத்தனைக்கும் பதில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்திருக்கிறது, நான் தினம் படுக்கிற வீட்டிலேயே.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கண்ணுக்குக் கண். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"ஒரு வருசமாச்சுங்க மாமா" என்றேன். குக்கரிடம் சொல்லவில்லை.

அவர் பால் பாத்திரத்தை எடுத்து, துடைக்கத் தேவையில்லாததைத் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"தப்புதான், அம்மிணி" என்றார்.

அம்மிணி என்று அவர் தமிழ்ப்ரியாவைத்தான் கூப்பிடுவார். எனக்கு இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போயிற்று. "வாங்க, வேலைய முடிப்போம்" என்றேன்.

பள்ளத்தைத் துடைத்து, ரப்பர் வளையத்தோடு வால்வை உட்காரவைத்தேன். அவர் அலுமினிய மூடியைப் பிடித்துக்கொண்டார், நான் போல்ட்டைப் பூட்டினேன். ஹோஸை மாட்டி, கூலன்ட்டை ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே விட்டு வண்டியைக் கிளப்பினேன். உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வந்தது. அவர் குனிந்து ஊற்றி ஊற்றி நிரப்பினார். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டுவிட்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

முள் அசைந்தது. ஒரு வருடமாகப் படுத்துக் கிடந்தது எழுந்தது. கால் பங்கு வந்தது. இன்னும் ஏறியது.

"ஏறுது. ஏறுது, அம்மிணி, ஆஃப் பண்ணு!"

"ஏறோணுமுங்க. அதுதான் வேணும்."

"எதுக்கும் ஆஃப் பண்ணேன்!"

என் கை சாவியில்தான் இருந்தது. அவர் பயம் எனக்கும் இருந்தது. எந்த இடத்தில் நிற்கும் என்று தெரியாமல் ஒன்று மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சாதாரண விஷயமில்லை. பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. நின்றது. நான் இருபது வரை எண்ணினேன். நின்றபடியே இருந்தது. ஹீட்டரைத் திருப்பினேன். சூடான காற்று என் முழங்கையில் பட்டது. நான் ஒதுங்கிக்கொண்டதும் அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதன்முன் வைத்துப் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. வருகிற போனை எடுப்பார், அவ்வளவுதான். பட்டனைத் தேடித் தேடி அழுத்தினார்.

"கணேசா, நான்தான். காருல வால்வ எடுத்தது நானு. அதனாலதான் பெட்ரோல் குடிச்சுது. ஆமா, நாந்தான்... அதுக்கு முன்னாடி மலையில கொதிச்சதும் அவளால இல்ல. வால்வு ஒட்டிக் கெடந்துச்சு... தெரியும். கழட்டின அன்னிக்கே தெரியும்... நீ என்னைத் திட்டிக்கோ."

அந்தப் பக்கம் கணேசன் என்னவோ கேட்டார். மாமனார் என்னிடம் திரும்பினார். "மலை ஏறுமான்னு கேக்கறான். ஏறுச்சுன்னா விக்க வேண்டாமாம்."

எதிரே சாமுண்டி மலை நின்றிருந்தது. தினமும் அங்கேதான் நிற்கிறது.

"ஏறும்னு சொல்லுங்க" என்றேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். அவர் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார். மருமகளுக்குப் பக்கத்தில் உட்காருகிற வழக்கம் இல்லை. அன்று முன்கதவைத் திறந்தார். "முள்ளப் பாக்கோணுமல்ல" என்றார், யாரும் கேட்காமலே.

வளைவுகளை எண்ணக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் எண்ணினேன். மூன்றாவதில் பின்னால் ஒரு பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கியரைக் குறைத்தேன்.

"அவன் ஹார்ன் அடிப்பான். நீ போ" என்றார். அவர் கண் பாதையில் இல்லை, முள்ளிலேயே இருந்தது. இடது கை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தது. நாலாவது வளைவு வந்தது. திருப்பினேன். எஞ்ஜின் முனகியது, இழுத்தது, நிமிர்ந்தது.

"நின்ன எடத்துலயே நிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு மேலே போகும்வரை நாங்கள் பேசவே இல்லை. எண்பது நிமிடம் தனியாக ஓட்டும்போது எனக்குக் கிடைக்கிற அதே அமைதி. இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போதும் அது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

உச்சியில் நிறுத்தி இறங்கினோம். கீழே ஊர் பரந்து கிடந்தது. அவர் போனை எடுத்து இந்தத் தடவை பட்டனைச் சீக்கிரமே கண்டுபிடித்தார். "ஏறிட்டோம். அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லீரு." கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யாரு ஓட்டுனதா? இதென்ன கேள்வி, என்ற மருமகதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பும்போது நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். அவர் பழக்கத்தில் பின்கதவுக்குப் போனார். கைப்பிடியில் கை வைத்தார். இறக்கத்தில் எஞ்ஜின் கொதிக்காது. முள்ளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டிய அவசியமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பின்கதவை விட்டுவிட்டு, முன்பக்கம் வந்து ஏறிக்கொண்டார்.